ஆக்டின் கோளாறும் பிளேட்லெட் குறைவும்: ஒரு தாயின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். என் மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம், எடை 9 கிலோ. ஒன்றரை மாதக் குழந்தையாக இருந்தபோதிலிருந்தே மலத்தில் ரத்தக் கோடு. முகத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான். காதில் மூன்று முறை சீழ். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 22,000-தான். ஐ.டி.பி. (பிளேட்லெட்டை உடலே அழிக்கும் நோய்) என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள், ஏறவில்லை. இப்போது ஜீன் ரிப்போர்ட் வந்திருக்கிறது: விஸ்காட்-ஆல்ட்ரிச் சிண்ட்ரோம். 'செல்லுக்குள் ஆக்டினைக் கட்டுப்படுத்தும் புரதம் இல்லை' என்றார் ஜெனடிக் கவுன்சிலர். ஆக்டின் தசையில் இருப்பது என்று பள்ளியில் படித்த ஞாபகம். அப்படியானால் அவன் தசைக்கும் இதயத்துக்கும் ஆபத்தா? ஒரே கோளாறு எப்படி ரத்தம், தோல், காது எல்லாவற்றையும் கெடுக்கும்? எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்கிறார்கள்; பிளேட்லெட் ஏற மருந்து கொடுத்தால் போதாதா? அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால்தான் இப்படி என்று வீட்டில் பேச்சு. ஆனால் என் அம்மாவின் தம்பி ஒருவர் ஒன்றரை வயதில் ரத்தம் ரத்தமாகக் கழிந்து இறந்தாராம். எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். ஓசூரில் இருக்கும் என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தசைக் கேள்வியை முடித்துவிடுவோம். உங்கள் மகனின் தசைக்கும் இதயத்துக்கும் இந்த நோயால் நேரடி ஆபத்து இல்லை. மனிதர்களுக்கு ஆக்டின் ஜீன்கள் ஆறு. எலும்புத் தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, ரத்தக் குழாய், குடல் போன்ற மென்தசைகளுக்கு இரண்டு, எல்லா செல்களிலும் இருப்பவை இரண்டு. எலும்புத் தசை ஆக்டின் கெட்டால் பிறவித் தசைத் தளர்ச்சி வரும். இதய ஆக்டின் கெட்டால் இதயத் தசை தடிக்கும் அல்லது தளர்ந்து விரியும். பொதுவான இரண்டில் ஒன்று கெட்டால் காது கேளாமை வரலாம். உங்கள் மகனுக்கு இந்த ஆறும் நன்றாகவே இருக்கின்றன. கெட்டிருப்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள வேறொரு ஜீன். அது வாஸ்ப் என்ற புரதத்தைச் செய்கிறது. எங்கே, எப்போது வளர வேண்டும் என்று ஆக்டினுக்குச் சொல்வது வாஸ்ப்பின் வேலை. இந்தப் புரதம் ரத்த அணுக்களில் மட்டுமே இருக்கிறது. மூளை, தோல், கல்லீரல் முதலிய மற்ற செல்களில் இதே வேலையை என்-வாஸ்ப் என்ற உறவுக்காரப் புரதம் பார்க்கிறது. அதன் ஜீன் வேறு, உங்கள் பிள்ளைக்கு அதில் பழுதில்லை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஜ்ஜை மாற்று ஏன் இந்த நோயை வேரோடு தீர்க்கிறது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

செல்லுக்குள் ஆக்டின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்றது எளிதாகப் புரியும். 375 அமினோ அமிலம் கொண்ட சிறு உருண்டைகளாக ஆக்டின் மிதக்கிறது. தேவைப்படும்போது அவை வரிசையாகக் கோத்துக்கொண்டு சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகின்றன. வேலை முடிந்ததும் கழன்றுவிடுகின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டி, பூச்சு வேலை முடிந்ததும் கழிகளை அவிழ்த்து அடுத்த சுவருக்குக் கொண்டுபோவதைப் போன்ற ஏற்பாடு இது. ஒரு பக்கம் இழை வளர, மறுபக்கம் கோஃபிலின் என்ற புரதம் பழைய இழையை வெட்டிக் கழற்றிப் போடுகிறது. இழைகள் வளர்ந்து செல் உறையை முன்னே தள்ளுவதால்தான் ஒரு வெள்ளணு நிமிடத்துக்கு 10 மைக்ரோமீட்டர் ஊர்ந்து கிருமியிடம் போய்ச் சேர்கிறது.

இதில் வாஸ்ப்பின் இடம் எது? சும்மா இருக்கும் நேரத்தில் அது தன் வாலைத் தானே மடக்கிப் பூட்டிக்கொண்டு கிடக்கும். செல்லின் வெளியே ஏதாவது தொட்டதும் சிடிசி42 என்ற புரதமும் உறையில் உள்ள ஒரு கொழுப்பும் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறக்கின்றன. விடுபட்ட வால், ஏழு துண்டுகள் சேர்ந்த ஆர்ப்2/3 என்ற கூட்டுப் புரதத்தைப் பிடித்து எழுப்புகிறது. அது ஏற்கெனவே உள்ள ஆக்டின் இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஏறத்தாழ 70 டிகிரி கோணத்தில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்கிறது. கிளைமேல் கிளையாக அங்கே ஒரு வலை எழும்புகிறது. உங்கள் மகனின் ரத்த அணுக்களில் ஆக்டினும் உண்டு, ஆர்ப்2/3-உம் உண்டு, எழுப்பிவிட ஆளில்லை.

இனி ஒவ்வொன்றாக. பிளேட்லெட் என்பது மஜ்ஜையில் இருக்கும் மெகாகாரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு. அந்த செல் தன் நீட்சிகளை ரத்தக் குழாய்க்குள் நுழைத்து, அங்கே பிளேட்லெட்டை உதிர்க்க வேண்டும். ஆக்டின் ஒழுங்கு தவறினால் காலத்துக்கு முன்பே மஜ்ஜைக்குள்ளேயே உதிர்த்துவிடுகிறது. தப்பி ரத்தத்துக்கு வருபவை சிறியவை, குறைபாடுள்ளவை. மண்ணீரல் அவற்றைச் சீக்கிரமே பிடித்து அழித்துவிடும். ஆக, எண்ணிக்கையும் குறைவு, அளவும் சிறிது. இந்த 'சிறிது' என்பதுதான் இந்த நோயின் கைரேகை. பழைய ரத்த ரிப்போர்ட்டுகளை எடுத்து எம்.பி.வி. (பிளேட்லெட்டின் சராசரி அளவு) என்ற வரியைப் பாருங்கள். சாதாரணமாக 7 முதல் 11 ஃபெம்டோலிட்டர் இருக்கும். விஸ்காட்-ஆல்ட்ரிச்சில் 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஐ.டி.பி.யில் பிளேட்லெட்டுகள் இயல்பான அளவிலோ பெரிதாகவோ இருக்கும். சில நேரம் மெஷின் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும், ஏனென்றால் மிகச் சிறிய பிளேட்லெட்டை அதனால் அளக்க முடியாது. அப்போது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒருவர் பார்க்க வேண்டும். பிறந்து சில வாரங்களிலேயே தொடங்கிய ரத்தக் கசிவு, ஆண் குழந்தை, கரப்பான், ஸ்டீராய்டுக்கு அசையாத எண்ணிக்கை — இவை சேர்ந்து வந்தால் ஐ.டி.பி. என்ற பெயரோடு நின்றுவிடக் கூடாது. எல்லாக் குழந்தைக்கும் ரத்தக் கசிவு, கரப்பான், தொற்று என்ற மூன்று அறிகுறியும் ஒரே நேரத்தில் வருவதில்லை. அதனால்தான் இந்த நோய் அடிக்கடி தப்பிப்போகிறது.

காதுச் சீழுக்கு வருவோம். டி-செல் என்ற வெள்ளணு ஒன்று, கிருமியின் துணுக்கை ஏந்திய மற்றொரு செல்லோடு ஒட்டிக்கொண்டு தகவல் வாங்க வேண்டும். அந்த ஒட்டுமிடத்தில் ஆக்டின் வலை எழும்பினால்தான் பிடி நிற்கும். வாஸ்ப் இல்லாதபோது பிடி நழுவுகிறது, தகவல் அரைகுறையாகப் போகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜும், தகவல் சுமக்கும் டென்ட்ரிட்டிக் செல்லும் ஊர்வதற்குத் தரையைப் பிடித்துக்கொள்ளும் போடோசோம் என்ற ஆக்டின் பாதங்களையே அமைக்க முடிவதில்லை. நிமோகாக்கஸ் போன்ற, சர்க்கரை உறை போர்த்திய பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியும் சரியாக உருவாவதில்லை. காதிலும் நுரையீரலிலும் சீழ் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

தோல் விஷயம் பலரையும் குழப்பும். தோல் செல்லில் வாஸ்ப் கிடையாது என்றேன்; பிறகு கரப்பான் ஏன்? தோலில் கோளாறு இல்லை, தோலுக்குள் வந்துபோகும் வெள்ளணுக்களில்தான் கோளாறு. அடக்கிவைக்க வேண்டிய டி-ரெக் செல்கள் வேலை செய்யாததால் மற்றவை வரம்பு மீறுகின்றன. இதே காரணத்தால் வயது ஏற ஏற சொந்த ரத்தச் சிவப்பணுவையும் ரத்தக் குழாயையும் மூட்டையும் உடலே தாக்கும் நோய்கள் வரலாம். லிம்போமா வகைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. பிளேட்லெட்டை மட்டும் ஏற்றினால் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். எல்ட்ரோம்போபாக் போன்ற மருந்தால் சிலருக்கு எண்ணிக்கை ஓரளவு ஏறும்; மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களைக் கடக்க அது உதவலாம். டி-செல்லின் பிடியை அது சரிசெய்யாது. மண்ணீரலை எடுத்தாலும் பிளேட்லெட் ஏறும். ஆனால் ஏற்கெனவே நிமோகாக்கஸை எதிர்க்க முடியாத குழந்தைக்கு மண்ணீரலும் போய்விட்டால், காய்ச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் ரத்தத்தில் கிருமி பரவி உயிர் போகலாம். யாராவது அதைச் சொன்னால், மாற்று சிகிச்சை செய்யும் மையத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டை மூன்று வாரத்துக்கு மேல் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மஜ்ஜை மாற்றும் வரை வீட்டில் கவனிக்க வேண்டியவை நிறைய. மருந்துக் கடையில் காய்ச்சலுக்கு என்று கேட்டால் மெஃபெனமிக் அமிலமோ ஐபுபுரூஃபனோ கலந்த சிரப்பைக் கையில் கொடுப்பார்கள். மெஃப்டால், ஐபுஜெசிக் என்ற பெயர்களைப் பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பிரினும் கூடாது. இவை மிச்சமிருக்கும் பிளேட்லெட்டையும் வேலை செய்யவிடாது. பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது 9 கிலோவுக்கு 135. சிரப் பாட்டிலில் '5 மில்லியில் 250' என்று இருந்தால் 2.7 மில்லி, '5 மில்லியில் 120' என்று இருந்தால் 5.6 மில்லி. இரண்டு பாட்டிலையும் ஒன்றாக வைத்திருப்பதால்தான் அளவு மாறிப்போகிறது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் 100.4 டிகிரியைத் தொட்டாலே பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஊசி வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ஆசனவாய் வழி தெர்மாமீட்டர், சப்போசிட்டரி எதுவும் வேண்டாம்.

நடை பழகும் வயது. தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் நேரே எமர்ஜென்சி. வாந்தி, தூக்கக் கலக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நுரை வைத்த குழந்தை ஹெல்மெட் கிடைக்கிறது. கேலியாகத் தெரிந்தாலும் போட்டுவிடுங்கள். காதுகுத்தைத் தள்ளிவையுங்கள். மொட்டை நேர்ந்திருந்தால் சவரக்கத்தி வேண்டாம், ட்ரிம்மர் போதும், குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது.

கரப்பானுக்குக் குளித்த ஈரத்திலேயே தடவும் மாய்ஸ்சரைசரும், டாக்டர் சொல்லும் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு க்ரீமும் போதும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, நடுவில் குழிவிழுந்து, காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். 'அம்மை போட்டிருக்கிறது' என்று வேப்பிலை வைத்து வீட்டில் படுக்கவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தக் குழந்தைக்கு அது உயிராபத்து. சில மணி நேரத்தில் அசைக்ளோவிர் தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சின்னம்மை என்று தெரிந்தாலும், இவன் அதோடு விளையாடியிருந்தால் கொப்புளம் வரும் வரை பொறுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தொற்று நேர்ந்து 10 நாளுக்குள் கொடுக்கும் இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ஆன்டிபாடி) அதன் கடுமையைக் குறைக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு எப்படியும் ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழி இம்யூனோகுளோபுலின்) ஏற்றுவார்கள்: கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், 9 கிலோவுக்குச் சுமார் 4 முதல் 5 கிராம். முதல் டோஸ் ஏற்றும் முன்பே இம்யூனோகுளோபுலின் அளவுகளுக்கும் ஆன்டிபாடிப் பரிசோதனைகளுக்கும் ரத்தம் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவர்களின் ஆன்டிபாடிதான் ரிப்போர்ட்டில் வரும்; இல்லாத தொற்று இருப்பதாகத் தோன்றும். அதன் பின் எந்த வைரஸைத் தேடினாலும் பி.சி.ஆர். முறையில்தான் தேட வேண்டும். நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலிருக்க கோ-ட்ரைமாக்சசோலும் வாரத்தில் மூன்று நாள் தருவார்கள். அதற்கு முன் ஜி6பி.டி. (சிவப்பணுவைக் காக்கும் நொதி) பரிசோதனை செய்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பால், தயிர், பன்னீர் எல்லாம் காய்ச்சிய பாலில் செய்ததாக இருக்கட்டும். பச்சைப் பாலில் வரக்கூடிய லிஸ்டீரியா ஒரு விசித்திரமான பாக்டீரியா: வாஸ்ப்பின் வாலைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைத் தன் உடம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, நம் ஆர்ப்2/3-ஐத் தானே எழுப்பி, பின்னால் ஆக்டின் வால் வளரவிட்டு, ராக்கெட் மாதிரி செல்லிலிருந்து செல்லுக்குப் பாயும். உங்கள் பிள்ளையின் செல்கள் செய்ய முடியாத வேலையை அது சுலபமாகச் செய்துகொள்கிறது.

தடுப்பூசி பற்றி ஆஷா பணியாளரிடமும் வீட்டிலும் தெளிவாகச் சொல்லிவையுங்கள். உயிருள்ள கிருமி கொண்டவை எதுவும் இவனுக்கு இனிக் கூடாது: போலியோ சொட்டு, ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை. பிறந்ததும் பி.சி.ஜி.யும் (காசநோய் ஊசி, அதுவும் உயிருள்ளது) போட்டிருப்பார்கள், போட்ட இடத்திலும் அந்தப் பக்கத்து அக்குளிலும் கட்டி, சீழ் வருகிறதா என்று வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள். வந்தால் உடனே காட்ட வேண்டும். பல்ஸ் போலியோ நாட்களில் வீட்டுக்கு வந்து சொட்டு ஊற்றுபவர்களிடம் மகளுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொட்டு மருந்தின் வைரஸ் அவள் மலத்தில் பல வாரம் வெளியேறும், ஒரே வீட்டில் தம்பிக்குத் தொற்றும். அவளுக்குப் போலியோ ஊசி போடலாம். வீட்டில் அனைவரும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இவனுக்கு உயிரற்ற ஊசிகளைப் போடலாம், மெல்லிய ஊசியால். போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ரத்தம் ஏற்ற நேர்ந்தால் இரண்டு சொற்கள்: கதிரியக்கம் பாய்ச்சியது, வெள்ளணு வடிகட்டியது. 25 கிரே கதிர் பாய்ச்சாத ரத்தத்தில் வரும் தானக்காரரின் டி-செல்கள், எதிர்க்கத் தெரியாத இந்த உடலில் வேர்விட்டு அவனையே தாக்கக்கூடும். வெறும் எண்ணிக்கை குறைந்ததற்காகப் பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. ரத்தப்போக்கு இருந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ மட்டும். அடிக்கடி ஏற்றினால் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி, உண்மையில் தேவைப்படும் நாளில் பயனில்லாமல் போகும். மருத்துவமனையில் 'பதிலுக்கு யாராவது ரத்தம் கொடுங்கள்' என்று கேட்பார்கள். நீங்களும் கணவரும் பேங்குக்குக் கொடுக்கலாம், ஆனால் உங்கள் ரத்தம் உங்கள் மகனுக்கே ஏறக் கூடாது. நாளை நீங்களே மஜ்ஜை தானம் தர நேரலாம். இப்போதே அவன் உடல் உங்கள் செல்களை எதிரியாகப் பழகிவிட்டால் மாற்று மஜ்ஜை பிடிக்காமல் போகும். இந்த விவரங்களை ஒரு அட்டையில் எழுதிக் குழந்தையின் பையில் வைத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சியில் இருக்கும் டியூட்டி டாக்டர் இந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவராக இருக்கலாம்.

இனி மாற்று சிகிச்சை. இந்த நோய்க்கு மஜ்ஜை மாற்று முதலில் முயன்றது 1968-இல். மனிதருக்குச் செய்த ஆரம்பகால மஜ்ஜை மாற்றுகளில் ஒன்று. தானக்காரரின் ரத்த ஸ்டெம் செல்லில் வாஸ்ப் இருக்கிறது. அதிலிருந்து பிறக்கும் பிளேட்லெட், டி-செல், மேக்ரோஃபேஜ் எல்லாவற்றிலும் இருக்கும். வேறு உறுப்பு எதற்கும் அந்தப் புரதம் தேவையில்லாததால், ரத்தத்தை மாற்றினால் கரப்பானும் சேர்ந்தே போகிறது. வயது முக்கியம்: ஐந்து வயதுக்குள் செய்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று பெரிய வெளிநாட்டு மையங்களின் கணக்குகள் காட்டுகின்றன, அதற்குப் பிறகு, குறிப்பாக உறவில்லாத தானக்காரர் என்றால், பலன் இறங்குகிறது. உங்களுக்கு நேரம் இருக்கிறது, வீணாக்க இல்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது, மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை: மகன், மகள், நீங்கள், கணவர். உடன்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. மகள் பொருந்தினால் அவளும் அந்த ஜீனைச் சுமக்கிறாளா என்று பார்க்க வேண்டும். சுமந்தாலும் அதனால் மட்டுமே அவள் தள்ளுபடியாகிவிட மாட்டாள். சமமாகப் பொருந்தும் வேறொருவர் இருந்தால் அவரை முதலில் பார்ப்பார்கள். அவள் பொருந்தவில்லை என்றால் பெங்களூரில் டி.கே.எம்.எஸ்., சென்னையில் தாத்ரி ஆகிய தானக்காரர் பதிவேடுகளில் மையமே தேடும். அங்கும் கிடைக்காவிட்டால் பாதி பொருந்தும் அப்பாவோ அம்மாவோ தரலாம்; இப்போது இந்தியாவிலும் அதைச் செய்கிறார்கள். முன்தயாரிப்பாகக் கீமோ கொடுப்பார்கள், மருத்துவமனையில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், எதிர்ப்பு அடக்கும் மருந்து பல மாதம் நீளும். தானக்காரரின் செல்கள் உடலைத் தாக்குவதும், தொற்றும், பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிப்பதும் உண்மையான ஆபத்துகள். இவற்றை மையத்திடம் வெளிப்படையாகக் கேளுங்கள். 'கைமெரிசம் (ரத்தத்தில் தானக்காரர் செல்களின் பங்கு) எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்ப்பீர்கள்?' என்றும் கேளுங்கள். டி-செல் மட்டும் தானக்காரருடையதாகி, மற்ற ரத்த அணுக்கள் பழையதாகவே இருந்தால் தொற்று குறையும், பிளேட்லெட் மட்டும் ஏறாது. ஜீன் சிகிச்சையும் உண்டு. பழைய ரெட்ரோவைரஸ் முறையில் பல குழந்தைகளுக்கு லுக்கீமியா வந்தது. பின்னால் மிலானில் தொடங்கிய லென்டிவைரஸ் முறை நன்றாகவே போகிறது. ஆனால் நல்ல தானக்காரர் இருக்கும்போது அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கும். தேசிய அரிய நோய்க் கொள்கை 2021, இந்த நோயின் பெயரையே முதல் பிரிவில் — மஜ்ஜை மாற்றால் ஒரேயடியாகக் குணமாகும் நோய்கள் என்ற பட்டியலில் — சேர்த்திருக்கிறது. அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையத்தில் பதிந்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. பணம் மையத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. பெங்களூரில் அந்த மையம் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸும் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும் சேர்ந்தது. ஜீன் ரிப்போர்ட், ஆதார், முகவரிச் சான்று, இதுவரையிலான டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் பதிவை முடியுங்கள். வேறு மையத்தில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் சிக்கலாகும்.

அத்தை மகன் விவகாரத்தை வீட்டில் இப்படிச் சொல்லுங்கள்: ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, தந்தை கொடுப்பது ஒய். ஆகவே நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். 1937-இல் மியூனிக்கில் விஸ்காட் விவரித்ததே மூன்று சகோதரர்களைத்தான். அவர்களின் சகோதரிகள் நலமாக இருந்தார்கள். 1954-இல் ஆல்ட்ரிச் பார்த்த அமெரிக்கக் குடும்பத்திலும் பெண்கள் வழியாக வந்து ஆண் குழந்தைகளையே தாக்கியது. உங்கள் தாய்மாமன் இறந்த கதை இதோடு பொருந்துகிறது: பாட்டி, அம்மா, நீங்கள் என்று ஜீன் வந்திருக்கிறது. அத்தை வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்று பேருக்கும் எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணம், பெண்களின் ரத்தத்தில் நல்ல எக்ஸை இயக்கும் செல்களே போட்டியில் முந்தி வளர்ந்துவிடுகின்றன. இதே போன்ற தோற்றத்தில் ஏ.ஆர்.பி.சி.1பி. குறைபாடு என்ற நோயும் உண்டு, அதில் ஆர்ப்2/3-இன் துண்டு ஒன்றே இல்லாமல் போகும். அதற்குப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும் என்பதால் சொந்தத்தில் கட்டுவது அங்கே கணக்கில் வரும். உங்கள் ரிப்போர்ட் அதைச் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது உங்கள் தங்கை. மற்றதைவிட இதில் அவசரம் அதிகம். அம்மா சுமப்பவர் என்பதால் தங்கைக்கும் பாதி வாய்ப்பு இருக்கிறது. மகனின் ரிப்போர்ட்டில் உள்ள அதே மாற்றம் அவரிடம் இருக்கிறதா என்று சில மில்லி ரத்தத்தில் பார்த்துவிடலாம். முழு ஜீன் பேனல் தேவையில்லை, அந்த ஓர் இடத்தைப் படித்தால் போதும். மகனின் ரிப்போர்ட் நகலைக் கையில் கொடுத்தனுப்புங்கள். இல்லை என்று வந்தால் அத்தோடு கவலை தீர்ந்தது. இருக்கிறது என்று வந்தால், எக்ஸ் வழி நோய்க்காகக் கருவைச் சோதிப்பதை 1994-ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டமே பதிவுபெற்ற ஜெனடிக் மையங்களில் அனுமதிக்கிறது. ஆனால் ஐந்து மாதம் என்றால் நாள் குறைவு. பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றி அந்த வாரமே கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

சோதனையே வேண்டாம் என்று தங்கை முடிவு செய்தாலும் அது அவர் உரிமை. அப்போது பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் நான்கு விஷயங்களைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்: வாக்குவம், ஃபோர்செப்ஸ் போடக் கூடாது, குழந்தையின் தலைத்தோலில் எலக்ட்ரோட் குத்தக் கூடாது; ஆண் குழந்தை என்றால் தொப்புள்கொடி ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கையும் எம்.பி.வி.யும் பார்க்க வேண்டும். அதே ரத்தத்தில் ஒரு இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் வைக்கும்) குழாயை ஜீன் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும் வரை பி.சி.ஜி.யும் போலியோ சொட்டும் போடக் கூடாது. பிறந்ததும் போடும் மஞ்சள் காமாலை பி ஊசி உயிரற்றது, அதை வழக்கம்போலப் போட்டுவிடலாம்.